பாட்டுக்குள் புகுந்த வண்டு

அரையாண்டு விடுமுறையில் தஞ்சை மாவட்டத்திலுள்ள அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். அண்ணனின் பிள்ளைகள் இருவரும் மாடி அறையை ஒலிப்பதிவுக் கூடமாக மாற்றி வைத்திருந்தார்கள். கூடம் என்றதும் பெரிதாக எண்ணிவிட வேண்டாம். ஒரு மேசை, அதன்மேல் ஒரு கணினி, யாரிடமிருந்தோ பழையதாக வாங்கிய மிக்சர் ஆம்ப்ளிஃபயர், தாங்கியில் நிற்கும் ஒரு மைக், எதிரொலியை அடக்கச் சுவரில் தொங்கவிட்ட ஜமுக்காளங்கள். அவ்வளவுதான்.

அவர்கள் எடுத்துக்கொண்ட வேலை மட்டும் சிறியதன்று. எங்கள் அம்மாவுக்கு, அதாவது அவர்களுடைய பாட்டிக்கு, வயது எண்பதைத் தாண்டிவிட்டது. நடவு வயலில் பாடியவை, தொட்டிலருகே பாடியவை என்று ஐம்பது பாட்டுகளுக்கு மேல் அவர் நினைவில் இருக்கின்றன. அவற்றை எழுதி வைத்தவர் யாருமில்லை. முழுதாகப் பாடத் தெரிந்தவர் இப்போது அந்தத் தெருவில் அவர் ஒருவர்தான். எனவே பதிவு செய்துவிடலாம் என்று இறங்கியிருந்தார்கள்.

முதல் பாட்டைப் பதிந்து, போட்டுக் காட்டினார்கள். பாட்டி காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். பிறகு முகத்தைச் சுளித்தார்.

"நான் பாடுறப்போ இந்த வண்டு இல்லையேடா! இது எங்கேருந்து வந்துச்சு?"

உண்மைதான். பாட்டின் அடியில் 'ம்ம்ம்' என்று விடாமல் ஒரு ரீங்காரம். நடுநடுவே 'ஜ்ர்ர்' என்ற இரைச்சல். ஓரிடத்தில் 'படபட' என்று பொரிகிற ஓசை. அறையில் கேட்காத இவை எல்லாம் பதிவில் மட்டும் எப்படி வந்தன?

இதைப் புரிந்துகொள்ள முதலில் ஓர் அளவைத் தெரிந்துகொள்ள வேண்டும். நம் வீட்டுச் சுவரில் வரும் மின்சாரத்தின் அழுத்தம் 230 வோல்ட். மைக்குக்கு ஒரு மீட்டர் தள்ளி நின்று நாம் சாதாரணக் குரலில் பேசினால், டைனமிக் வகை மைக்கில் பிறக்கும் மின்னழுத்தம் ஏறத்தாழ 40 மைக்ரோ வோல்ட். ஒரு மைக்ரோ வோல்ட் என்பது ஒரு வோல்ட்டைப் பத்து லட்சம் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு. வகுத்துப் பாருங்கள்: சுவரில் இருக்கும் மின்னழுத்தம், குரலின் மின்னழுத்தத்தைப் போல் 57 லட்சம் மடங்குக்கும் மேல்! யானைக் கூட்டம் நடக்கும் பாதையில் எறும்பு ஒன்று செய்தி சுமந்து போவதைப் போன்ற நிலை இது. அந்த எறும்பின் காலடியை ஆம்ப்ளிஃபயர் ஆயிரம் மடங்கு பெரிதாக்கும்போது, பக்கத்தில் நடந்த யானையின் அதிர்வில் ஒரு துளி கலந்திருந்தாலும் அதுவும் சேர்ந்தே பெரிதாகிறது.

அந்த ரீங்காரத்தின் ஊர் எது என்று கண்டுபிடிப்பதும் எளிதே. நம் நாட்டு மின்சாரம் விநாடிக்கு 50 முறை முன்னும் பின்னும் மாறும் மாறுதிசை மின்சாரம். அதாவது 50 ஹெர்ட்ஸ். அது ஒலியாக மாறினால் மிகத் தாழ்ந்த சுருதியில் 'ம்ம்ம்' என்று கேட்கும். அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸ் என்பதால் அங்குள்ள வண்டு சற்று உயர்ந்த சுருதியில் பாடும்!

நான் போவதற்கு முன்பே பிள்ளைகள் இதற்கு ஒரு மருந்தைக் கேட்டு வைத்திருந்தார்கள். மேடைகளில் ஒலி அமைத்துப் பழகிய ஒருவர் சொன்னாராம்: "ஆம்ப்ளிஃபயர் பிளக்கில் மேலே தடியாக இருக்கிறதே, அந்தப் பின்னுக்குப் போகும் கம்பியைக் கழற்றிவிடு. சத்தம் நின்றுவிடும்." பெரியவன் அப்படியே செய்து காட்டினான். என்ன வியப்பு! ரீங்காரம் பெரும்பாலும் நின்றே போயிற்று. இருவரும் கைதட்டினார்கள்.

நான் கைதட்டவில்லை. உடனே சுவிட்சை அணைத்து, பிளக்கை உருவி, அந்தக் கம்பியைத் திரும்பவும் மாட்டினேன். "ஏன் சித்தப்பா, இப்பத்தானே நின்னுச்சு?" என்று இளையவள் கேட்டாள்.

அந்தத் தடித்த பின் எர்த் பின், அதாவது புவி இணைப்பு. மற்ற இரண்டைவிட அது நீளமாக இருப்பதையும் கவனித்திருப்பீர்கள். பிளக்கைச் செருகும்போது முதலில் தொடுவதும், உருவும்போது கடைசியில் விடுவதும் அதுவாக இருக்க வேண்டும் என்பதற்காகவே அந்த நீளம். ஆம்ப்ளிஃபயரின் உலோகப் பெட்டி இந்தப் பின் வழியாக மண்ணோடு இணைந்திருக்கிறது. என்றாவது உள்ளே ஒரு கம்பியின் காப்புறை தேய்ந்து, 230 வோல்ட் கம்பி பெட்டியைத் தொட்டுவிட்டால், பெருமளவு மின்னோட்டம் எர்த் வழியாகப் பாய்ந்து ஃபியூசை எரித்துவிடும் அல்லது எம்.சி.பி. விழுந்துவிடும். ஆபத்து அத்துடன் தீர்ந்தது.

எர்த் இல்லையென்றால்? ஃபியூஸ் எரியாது. ஒன்றும் நடக்காததுபோல் பெட்டி 230 வோல்ட்டில் அப்படியே காத்திருக்கும். இப்போது மைக்கை நினைத்துப் பாருங்கள். மைக்கின் உலோக உடல், கேபிளின் வெளிவலை வழியாக அந்தப் பெட்டியோடுதான் இணைந்திருக்கிறது. அதைக் கையில் பிடித்து, உதட்டருகே வைத்துப் பாடப்போகிறவர் பாட்டி. அவர் வெறுங்காலுடன் சிமெண்டுத் தரையில் அமர்ந்திருக்கிறார். மின்சாரம் மண்ணுக்குப் போகத் தேடும் வழி அவர் உடலாகிவிடும்.

இது வெறும் அச்சுறுத்தல் இல்லை. 1972இல் பிரிட்டனில் சுவான்சி நகரத்து மேடையில், லெஸ்லி ஹார்வி என்ற கிதார் கலைஞர் புவி இணைப்புச் சரியில்லாத மைக்கைத் தொட்டு அங்கேயே உயிரிழந்தார். 1976இல் 'யார்ட்பேர்ட்ஸ்' இசைக்குழுவின் பாடகர் கீத் ரெல்ஃப், தம் வீட்டிலேயே, எர்த் சரியாக இணைக்கப்படாத மின் கிதாரை வாசித்துக் கொண்டிருந்தபோது மின்சாரம் தாக்கி மாண்டார். இருவருமே முப்பதுகளின் முதல் சில ஆண்டுகளைத் தாண்டாதவர்கள்.

இதைச் சொன்னதும் பிள்ளைகள் சற்று நேரம் பேசவில்லை. பிறகு பெரியவன் சரியான கேள்வியைக் கேட்டான்: "அப்ப எர்த்தைக் கழற்றினா ஏன் சத்தம் நின்னுச்சு?"

காரணம் ஒரு வளையம். ஆம்ப்ளிஃபயர் ஒரு சுவரில் உள்ள பிளக்கில் மாட்டியிருந்தது. கணினி எதிர்ச் சுவரில். இரண்டுக்கும் எர்த் உண்டு. அந்த இரண்டு எர்த் கம்பிகளும் சுவருக்குள் ஓடி எங்கோ ஒன்றுசேர்கின்றன. இப்போது ஆம்ப்ளிஃபயரிலிருந்து கணினிக்கு ஒலிக் கேபிளை மாட்டினால், அதன் வெளிவலை இரண்டு பெட்டிகளையும் இணைக்கிறது. சுவர் எர்த், ஆம்ப்ளிஃபயர், கேபிள், கணினி, மறுபடியும் சுவர் எர்த் என்று அறையளவுக்கு ஒரு பெரிய கம்பி வளையம் முழுமையாகிவிடுகிறது. மாறும் காந்தப்புலத்தில் உள்ள கம்பி வளையத்தில் மின்னழுத்தம் தூண்டப்படும் என்று பாடத்தில் படித்திருக்கிறீர்கள் அல்லவா? வீட்டு மின்கம்பிகளைச் சுற்றி 50 ஹெர்ட்ஸ் காந்தப்புலம் எப்போதும் உண்டு. எனவே வளையத்தில் சில மில்லி வோல்ட் பிறந்து, ஒலிக் கேபிளின் வலையில் ஓடி, பாட்டோடு கலந்துவிடுகிறது. எர்த்தைக் கழற்றியதும் வளையம் அறுந்தது, சத்தம் நின்றது. மருந்து வேலை செய்தது என்னவோ மெய். ஆனால் நோயாளியின் உயிரைப் பணயம் வைத்தல்லவா வேலை செய்தது!

வளையத்தை வேறு வழியில் குலைக்கலாமே? முதலில் சோதனை. ஆம்ப்ளிஃபயருக்கும் கணினிக்கும் இடையிலுள்ள கேபிளை மட்டும் உருவிவிட்டு, ஆம்ப்ளிஃபயரில் ஹெட்ஃபோனை மாட்டிக் கேட்டோம். ரீங்காரம் வெகுவாகக் குறைந்தது. ஆகவே குற்றவாளி வளையம்தான். பிறகு நல்ல எர்த் உள்ள ஓர் எக்ஸ்டென்ஷன் போர்டை எடுத்து, இரண்டு பிளக்குகளையும் அந்த ஒரே போர்டில் மாட்டினோம். இப்போது வளையம் அறையளவு இல்லை, முழ அளவுதான். வளையத்தின் பரப்புச் சுருங்கினால் தூண்டப்படும் மின்னழுத்தமும் சுருங்கும். மறுபடி கேட்டபோது முக்கால் பங்கு அடங்கியிருந்தது.

கணினிக்குப் பதில் லேப்டாப் இருந்தால் இன்னும் எளிது. சார்ஜரை உருவிவிட்டு பேட்டரியில் ஓடவிட்டால் அந்தப் பக்கத்து எர்த்தே கிடையாது, வளையமும் கிடையாது. இதுவும் போதாவிட்டால் ஒலிக் கேபிளின் நடுவில் வைக்கும் சிறு மின்மாற்றி கடைகளில் கிடைக்கிறது. அதில் ஒரு சுருளுக்கும் மறு சுருளுக்கும் கம்பித் தொடர்பு இல்லை. ஒலி காந்தத்தின் வழியே தாண்டிப் போகும். எர்த் மின்னோட்டம் போக வழியில்லை.

ஒன்று சொல்ல மறந்தேன். பழைய வீடுகளில் பிளக் பாயிண்டில் மூன்று துளை இருக்கும்; எர்த் துளைக்குப் பின்னால் கம்பியே இருக்காது. அண்ணன் வீட்டிலும் ஓர் அறையில் அப்படித்தான். இதை எலக்ட்ரீஷியனை வைத்துத்தான் பார்க்க வேண்டும். நீங்கள் திருப்புளியை எடுத்துக்கொண்டு சுவரைத் திறக்காதீர்கள்.

மிச்சமிருந்த கால் பங்கு ரீங்காரம் மைக் கேபிள் வழியாக வந்தது. அவர்கள் பயன்படுத்தியது மலிவான ஒற்றைக் கம்பிக் கேபிள்: நடுவில் ஒரு கம்பி, சுற்றிலும் செம்பு வலை. வலை எதற்கு என்பது ஃபாரடேயிடமிருந்து வந்த பாடம். அவர் 1836இல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் பன்னிரண்டடிக் கூண்டு ஒன்றைக் கட்டி, வெளிப்புறத்தில் பலமான மின்னேற்றம் செய்யவைத்து, தாம் உள்ளே போய் அமர்ந்து கருவிகளால் சோதித்தார். உள்ளே மின்னேற்றத்தின் அடையாளமே இல்லை. கேபிளின் வலையும் அப்படி ஒரு நீண்ட ஒல்லியான கூண்டுதான். ஆனால் அது மின்புலத்தைத்தான் தடுக்கும். 50 ஹெர்ட்ஸ் காந்தப்புலம் மெல்லிய செம்பு வலையைக் கண்டு நிற்காது, ஊடுருவிப் போய்விடும்.

அதற்கு மருந்து கண்டது தொலைபேசிக்காரர்கள். ஆரம்பத்தில் தொலைபேசிக்கு ஒரே கம்பி. திரும்பும் வழி மண். தந்திக்கு அது போதும். ஆனால் நகரங்களில் மின்விளக்குகளும் டிராம் வண்டிகளும் வந்தபோது தொலைபேசியில் இரைச்சல் தாங்க முடியவில்லை. கிரகாம் பெல் 1881இல் இரண்டு கம்பிகளை ஒன்றோடொன்று முறுக்கி ஓட்டும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். முறுக்கினால் என்ன ஆகும்? இரு கம்பிகளும் மாறி மாறி இடம் மாறுவதால், வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டிலும் ஏறத்தாழ ஒரே அளவில் ஏறும்.

இன்றைய நல்ல மைக் கேபிளிலும் இதே தந்திரம்தான். வலைக்குள் முறுக்கிய இரண்டு கம்பிகள். ஒலி ஒன்றில் நேராகவும் மற்றதில் தலைகீழாகவும் போகிறது. ஒரு கணத்தில் முதல் கம்பியில் +20 மைக்ரோ வோல்ட், இரண்டாவதில் −20 என்று வைத்துக்கொள்வோம். வழியில் இரைச்சல் வந்து இரண்டிலும் 500ஐச் சேர்த்துவிடுகிறது. இப்போது ஒன்றில் 520, மற்றதில் 480. குரலைவிட இரைச்சல் எத்தனை பெரிது! ஆனால் மிக்சர் செய்வது ஒரு கழித்தல் மட்டுமே. 520இலிருந்து 480ஐக் கழித்தால்? 40. குரல் முழுதாக வந்து சேர்ந்தது, இரைச்சலைக் காணோம். எனக்குத் தெரிந்த மின்னணுத் தந்திரங்களில் இதைவிட அழகானது அதிகமில்லை. மூன்று முனை உள்ள எக்ஸ்.எல்.ஆர். செருகிகள் இதற்காகத்தான். நல்லவேளையாக மிக்சரின் பின்புறம் அந்தத் துளை இருந்தது, மைக்கிலும் இருந்தது. கும்பகோணம் போய் ஒரு கேபிள் வாங்கி வந்தோம். அதையும் ஆம்ப்ளிஃபயரின் மின்கம்பியோடு சேர்த்துக் கட்டாமல் தள்ளிப் போட்டோம்.

வண்டு போயிற்று. 'ஜ்ர்ர்' மட்டும் நின்றது. இதைப் பிடித்தவள் இளையவள். "ஃபேனைக் குறைச்சாத்தான் இந்தச் சத்தம் வருது சித்தப்பா, முழுசா வச்சா இல்லை!" என்றாள். அவள் கண்டது சரி. அந்த ரெகுலேட்டர், டிரையாக் என்ற மின்னணுச் சுவிட்சைக் கொண்டது. விநாடிக்கு 100 முறை, ஒவ்வொரு அரை அலையிலும் சிறிது நேரம் மின்சாரத்தை நிறுத்தி வைத்துத் திடீரென்று திறந்துவிடும். வழுவழுப்பான அலை இப்படி வெட்டுப்படும்போது அதன் கூரான விளிம்பிலிருந்து பல உயர் அதிர்வெண்கள் கிளம்புகின்றன. முழு வேகத்தில் வெட்டு அநேகமாக இல்லை. எனவே இரைச்சலும் இல்லை. விளக்கை மங்கச் செய்யும் சாதனங்களிலும் இதே கதைதான். படிப்படியாகத் திரும்பும் மின்தேக்கி ரெகுலேட்டர் அலையை வெட்டுவதில்லை. மார்கழிக் குளிரில் எங்களுக்கு அந்தச் செலவும் தேவைப்படவில்லை, ஃபேனையே நிறுத்திவிட்டோம்.

அண்ணனின் பழைய பட்டன் கைபேசி ஒருமுறை 'டிடிட் டிடிட்' என்று பதிவைக் கெடுத்தது. 2ஜி முறையில் கைபேசி விநாடிக்கு 217 துடிப்புகளாக அலையை வீசுகிறது; அந்தத் துடிப்புதான் கேட்டது. கைபேசியைக் கீழே அனுப்பினோம், தீர்ந்தது.

கடைசியாக அந்தப் 'படபட'. சால்டரிங் விட்டிருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். பிரித்துப் பார்த்தால் நன்றாகவே இருந்தது. பிறகு பார்த்தால், யாராவது பழைய கேபிளை மிதிக்கும்போதோ இழுக்கும்போதோதான் அந்த ஓசை வந்திருக்கிறது. கேபிள் வளையும்போது உள்ளே செம்பு வலையும் பிளாஸ்டிக் உறையும் உரசுகின்றன. சீப்பைத் தலையில் தேய்த்துக் காகிதத் துண்டுகளை இழுப்பீர்களே, அதே நிலைமின்சாரம் கேபிளுக்குள்ளேயே பிறக்கிறது! நல்ல கேபிள்களில் உராய்வில் பிறந்த மின்னேற்றம் தங்காமல் வழிந்துபோக, கடத்தும் பிளாஸ்டிக் படலம் ஒன்றை வைக்கிறார்கள்.

தில்லியின் சனவரிக் குளிரிலோ ஐரோப்பாவின் வெப்பமூட்டிய அறைகளிலோ நிலைமின்சாரம் இதைவிடப் பெரிய தொல்லை. வறண்ட காற்றில், கம்பளத்தில் நாலடி நடந்தாலே உடலில் ஆயிரக்கணக்கான வோல்ட் ஏறிவிடும். உடலின் மின்தேக்கு திறன் சுமார் 100 பிக்கோ ஃபாரட். 5000 வோல்ட் ஏறினாலும் அதிலுள்ள ஆற்றல் ஒரு மில்லி ஜூலைச் சற்றே தாண்டும். ஆகவே சுரீர் என்பதோடு சரி, நமக்கு ஆபத்தில்லை. ஆனால் 3000 வோல்ட்டுக்குக் கீழே நமக்கு அது உறைப்பதேயில்லை. நுண்மின்சில்லுகளில் சிலவோ சில நூறு வோல்ட்டிலேயே செத்துவிடும். நாம் உணராமலே ஒரு கருவியைக் கொன்றுவிடலாம் என்று பொருள். காவிரிக் கரையின் ஈரக்காற்றில் மின்னேற்றம் தங்காது. இருந்தாலும் நாள்முழுதும் ஏ.சி. ஓடும் அறையில், நைலான் துணியும் பிளாஸ்டிக் நாற்காலியும் சேர்ந்தால் நம் ஊரிலும் வரும். பருத்தி உடையும் மர முக்காலியும் போதுமான காப்பு. கருவியின் செருகிகளைத் தொடுமுன் எர்த் செய்த ஓர் உலோகப் பெட்டியைத் தொட்டுக்கொள்வது நல்ல பழக்கம்.

உங்கள் வீட்டில் எவையெல்லாம் இரைச்சல் எழுப்புகின்றன என்று அறிய ஒரு பழைய டிரான்சிஸ்டர் ரேடியோ போதும். மீடியம் வேவில், நிலையம் ஏதும் கேட்காத இடத்தில் வைத்து, ஒலியைக் கூட்டுங்கள். பேட்டரியில் ஓடும் அந்த ரேடியோவைக் கைபேசி சார்ஜர், எல்.இ.டி. விளக்கு, ஃபேன் ரெகுலேட்டர் அருகே ஒவ்வொன்றாகக் கொண்டு போங்கள். அடுப்பங்கரையை விட்டு வெளியே வந்து, கேஸ் லைட்டரை ஒருமுறை 'டக்' என்று அழுத்துங்கள். ரேடியோவில் 'படக்' என்று கேட்கும். தீப்பொறி மின்காந்த அலை வீசுகிறது என்று 1887இல் ஹெர்ட்ஸ் காட்டியதைத்தான் நீங்களும் கேட்கிறீர்கள்.

அன்று இரவு எட்டு மணிக்குப் பாட்டி மறுபடி பாடினார். எர்த் பின் அதன் இடத்தில் இருந்தது. போட்டுக் காட்டினோம். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"வண்டு போயிடுச்சு. ஆனா சுவர்க்கோழி கத்துதே?"

"அது நிசமாவே வெளியில கத்துது பாட்டி" என்றான் பெரியவன்.

"அப்ப இருக்கட்டும். ஆனா நான் ஒரு அடியை விட்டுட்டேன்டா. திரும்பப் போடு, முதல்லேருந்து பாடறேன்."